மூன்று நாள் வாடகை

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மாணவர் பேரவைச் செயலாளர் மூன்று தடவை கேட்டுவிட்டார். கவிதை எனக்கு வராது. 'நாளைய இந்தியா இளைஞர் கையில்' என்று கட்டுரை எழுத நம் டிபார்ட்மெண்டிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். ஆகவே நண்பர்களே, நான் ஒரு வெளிநாட்டுப் பயணக் கட்டுரை எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள். பாஸ்போர்ட் என்னும் வஸ்துவை நான் கையால் தொட்டதே அந்த மூன்று நாட்களில்தான், அதுவும் அடுத்தவர் பாஸ்போர்ட். பயணம் வந்தது ஒரு தம்பதி. அவர்களுக்கு வெளிநாடு, நம்ம மெட்ராஸ்!

2024 டிசம்பர் கடைசி வாரம். நான் முதலாமாண்டு மெக்கானிக்கல். பரீட்சை முடிந்து லீவு. அப்பாவுக்கு லஸ் பக்கம் ஆட்டோ ஸ்டாண்ட். அங்கே ஒரு லாட்ஜ் மேனேஜருக்கு அப்பாவைத் தெரியும். மலேசியாவிலிருந்து வந்திருக்கும் கணவன் மனைவிக்கு மூன்று நாளைக்கு வண்டி வேண்டும், நாளுக்கு இரண்டாயிரம் என்று பேசிவிட்டார்.

"நீயும் கூட வாடா" என்றார் அப்பா. "மயிலாப்பூர்ல வண்டி நிறுத்த இடம் கிடையாது. மெட்ரோ தோண்டிப் போட்டிருக்கான். நான் சுத்திச் சுத்தி வந்துட்டிருக்கணும். இறங்கிக் கூட்டிட்டுப் போய்க் காட்ட ஒரு ஆள் வேணும். நீ படிச்சவன், நாலு விஷயம் சொல்லுவே."

'படிச்சவன்' என்ற சொல்லை எங்கள் வீட்டில் சாமி பேர் மாதிரி சொல்வார்கள். அப்பா ஐந்தாவது. அம்மா பள்ளிக்கூட வாசலோடு சரி. அப்பாவின் அப்பா விழுப்புரம் பக்கம் கரும்பு வெட்டப் போனவர். எங்கள் வம்சத்தில் பத்தாவது பாஸ் செய்த முதல் ஆள், இதை எழுதுகிற அடியேன்.

நான் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து செல்போனில் பார்த்துக் குறிப்பு எடுத்தேன். கோபுரம் எத்தனை அடி, எந்த வருஷம், எல்லாம். காலையில் தீபாவளிச் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு, பாக்கெட்டில் பேனாவும் குத்திக்கொண்டு கிளம்பினேன். அம்மா பார்த்துவிட்டு, "மாப்ளை மாதிரி இருக்கே" என்றாள்.

லாட்ஜ் வாசலில் அவர்கள் நின்றிருந்தார்கள். ஐயாவுக்கு அறுபதுக்குள் இருக்கும். அந்த அம்மா ஐந்தாறு வயது சிறியவர். இரண்டு பேரும் ஒரே கலரில் டீ ஷர்ட்! கல்யாணமாகி முப்பது வருஷம் ஆனதற்குப் பிள்ளைகள் டிக்கெட் எடுத்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் நாலு மணி நேரம்தானாம். நம் ஊர் ரயிலில் மதுரை போவதைவிடக் குறைவு!

நான் ஆரம்பித்தேன். "வணக்கம் சார். பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் டிப்ளமோ பண்றேன். மூணு நாளும் நான்தான் உங்களுக்குக் கைடு."

"நல்லது தம்பி" என்றார் அந்த அம்மா. பிறகு, அப்பா பக்கம் பார்த்துவிட்டு, "டிரைவர் அண்ணே உங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டார்.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இல்லீங்க, தெரிஞ்சவரு. எங்க ஏரியாக்காரர்."

ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே சரியாக விளங்கவில்லை. காக்கிச் சட்டையின் காலர் கிழிந்திருந்ததா, என் சட்டை அயர்ன் பண்ணியிருந்ததா... யாரும் என்னை எதுவும் செய்துவிடப் போவதில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. அப்பா குனிந்து பின்சீட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துணி ஒரு நிமிஷம் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னார்:

"தம்பி, நீங்க பின்னால அவங்களோட உக்காருங்க."

நீங்க! நண்பர்களே, நம் வீடுகளில் அப்பா மகனைக் கூப்பிடும் லட்சணம் உங்களுக்குத் தெரியும். 'டேய்' என்பதுதான் எனக்கு ரேஷன் கார்டில் போட வேண்டிய பெயர். அந்த 'நீங்க'வைக் கேட்டபோது முதுகில் ஏதோ ஊர்ந்த மாதிரி இருந்தது. ஆனாலும் ஏறி உட்கார்ந்தேன்.

முதல் நாள் மயிலாப்பூர். வண்டியில் ஏறியதுமே அந்த அம்மா, "முதல்ல பசியாறலாமா?" என்றார். எனக்குப் புரியவில்லை. யாருக்கோ பசி ஆறிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். மலேசியாவில் காலை டிபன் சாப்பிடுவதற்குப் 'பசியாறுவது' என்று பெயராம். என்ன அழகான வார்த்தை! நாம் 'டிபன்' என்கிறோம், கடல் தாண்டிப் போனவர்கள் 'பசியாறினீங்களா' என்கிறார்கள். பணத்தை 'வெள்ளி' என்றார்கள், ரப்பர் மரத்தைப் 'பால்மரம்' என்றார்கள், காரைக் 'காடி' என்றார்கள். ஆட்டோவையும் காடி என்றுதான் சொன்னார்கள். அப்பாவுக்கு அதில் ஒரே பெருமை.

கிழக்கு மாட வீதியில் கற்பகாம்பாள் மெஸ். இட்லி, பொங்கல், கீரை வடை. ஐயா பொங்கலில் மிளகைத் தேடித் தேடிச் சாப்பிட்டார். காபி வந்ததும், டவராவிலிருந்து டம்ளருக்கும் டம்ளரிலிருந்து டவராவுக்கும் நான் ஆற்றிக் காட்டினேன். அவர் சிரித்து, "எங்க ஊர்ல இதையே தே தாரிக்னு கடை போட்டு விக்கிறோம் தம்பி" என்றார். மலாயில் 'தே' என்றால் தேநீர், 'தாரிக்' என்றால் இழுப்பது. இழுத்து ஆற்றின டீ! அவர்கள் ரொட்டி சானாய் நம் பரோட்டாவின் பங்காளிதானாம், இன்னும் கொஞ்சம் மெல்லிசு.

அந்த மெஸ் வாசலில் அப்பா எத்தனை ஆயிரம் பேரை இறக்கிவிட்டிருப்பார்! உள்ளே என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் அன்றுதான் முதல் தடவை. சர்வர் முன்னால் பழக்கப்பட்டவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கபாலீசுவரர் கோயிலில் என் குறிப்புகளை அவிழ்த்துவிட்டேன். கிழக்குக் கோபுரம் சுமார் 120 அடி, கட்டியது 1906. பழைய கோயில் கடற்கரை ஓரம் இருந்து, போர்ச்சுகீசியர் காலத்தில் அழிந்து, பிறகு இந்த இடத்தில் எழும்பியது. அம்பாள் மயிலாக வந்து புன்னை மரத்தடியில் சிவனைப் பூசித்ததால் மயிலை. ஐயா தலையை ஆட்டிக் கேட்டார். கோயில் வாசலில் வந்து நின்றதும் அப்பா, எங்கேயோ ஒரு சந்தில் வண்டியை ஒண்டவைத்துவிட்டு வந்தவர், போகிற போக்கில் சொன்னார்: "பங்குனியில வாங்க சார். அறுபத்து மூவர் அன்னிக்கு நாயன்மாருங்க அத்தனை பேரும் பல்லக்குல இந்த நாலு வீதியும் சுத்துவாங்க. வீட்டுக்கு வீடு மோரு, சாப்பாடு. சோறு வேணாம்னு சொன்னாத்தான் அன்னிக்கு ஆச்சரியம்."

அந்த அம்மா என் 120 அடியை மறந்துவிட்டு அப்பாவிடம் மோரைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். எனக்குச் சுருக்கென்றது. சாந்தோம் தேவாலயத்தில் அதனால் வேகமாக முந்திக்கொண்டேன். புனித தோமையாரின் கல்லறை, போர்ச்சுகீசியர் கட்டிய பழைய கோயில், இப்போது நிற்கும் வெள்ளைக் கோபுரம் 1896. அப்பா இறங்கவே இல்லை. மத்தியானம் ஒரு சபாவில் இலவசக் கச்சேரி. மார்கழியாயிற்றே! ஐயா பத்தே நிமிஷத்தில் தூங்கிவிட்டார். கேண்டீனில் மட்டும் விழித்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் தியாகராய நகர். 'தி.நகர்' என்று சொல்லும் நாம் பாதிப் பேர் தியாகராயர் யார் என்று கேட்டால் முழிப்போம். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயச் செட்டியார். பனகல் பூங்கா, நீதிக்கட்சியின் முதலமைச்சராக இருந்த பனகல் அரசர் பெயரில். பாண்டி பஜார், சௌந்தர பாண்டியனார் பெயரில். இதை நான் ஒப்பித்துக்கொண்டிருக்கும்போதே ஐயா, "இந்த இடமெல்லாம் முன்ன என்னவா இருந்திச்சு?" என்றார். அது என் குறிப்பில் இல்லை.

கண்ணாடியில் அப்பா என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மெதுவாகச் சொன்னார்: "ஏரி சார். நுங்கம்பாக்கத்துலேர்ந்து சைதாப்பேட்டை வரைக்கும் நீட்டு ஏரி. அதைத் தூத்துத்தான் நூறு வருஷம் முன்னாடி இந்த நகர் போட்டாங்க. அந்தாண்ட மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடுன்னே ஒரு ரோடு இருக்கு. ரோடு இருக்கு, வியூ இருக்கு, லேக்குதான் இல்ல. மழை வந்தா தண்ணி அதோட வீட்டைத் தேடிக்கிட்டு வந்துடும். எங்க மேல கோச்சுக்கிட்டு என்ன பண்றது?"

பின்னால் வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். 1920களில் உருவான நகர்தான், ஏரிதான். அப்பா எங்கே படித்தார்? சவாரி வந்த யாரோ பெரியவர் எப்போதோ சொன்னதாம். இருபது வருஷமாக முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரே அவருக்குப் பாடம் எடுத்திருக்கிறது. ஹால் டிக்கெட்தான் கிடையாது.

ரங்கநாதன் தெருவுக்குள் அவர்களை நடத்திக்கொண்டு போனேன். 2023-ல் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து பஸ் நிலையம் வரை ஆகாய நடைபாதை திறந்திருக்கிறார்களே, அதன் மேல் நின்று கீழே பார்த்தபோது, தலைகள்! தலைகள்! அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டுவிட்டார். பிறகு பட்டுக் கடை. 1928-லிருந்து இருக்கும் நல்லி, பனகல் பூங்கா எதிரில். ஐயா ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு புடவைக்கும் "நல்லா இருக்கு லா" என்றார். அந்த அம்மா நம்பவில்லை. கடைசியில் அரக்கு நிறத்தில் ஒன்று. 15,200 ரூபாய். அப்போது ஒரு வெள்ளிக்குச் சுமார் 19 ரூபாய். மனசுக்குள் வகுத்துப் பார்த்து, "எண்ணூறு வெள்ளி... நீங்க ஓவர்டைம் பாத்த காசு" என்று புருஷனைப் பார்த்தார். அவர், "முப்பது வருஷத்துக்கு எண்ணூறுதானே, வாங்கு" என்றார். நானும் ஒரு கணக்குப் போட்டேன். அம்மா மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்து ஒரு மாசம் வாங்குவதைவிட அது அதிகம். அப்பாவும் அம்மாவும் கல்யாணத்துக்கு அப்புறம் ஜோடியாகப் போன ஒரே வெளியூர் திருத்தணி. அதுவும் எனக்கு மொட்டை போட.

மத்தியானம் ஒரு சைவ ஹோட்டல். வாழை இலை. ஐயா நாலு சாப்பாடு என்று சொல்லிவிட்டு, "தம்பி, டிரைவர் அண்ணனையும் கூப்பிடுங்க" என்றார். நான் வெளியே போனேன். தெரு முனையில் அப்பா வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஒருவரும் இல்லை. 'டேய்' என்று கூப்பிடலாமே, கூப்பிடவில்லை.

"சாப்பிட வரச் சொன்னாங்க."

"நான் சாப்பிட்டேன்னு சொல்லிடு. வண்டியைப் பார்த்துக்கணும்."

சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும். அம்மா கட்டிக்கொடுத்த தயிர்சாத டப்பா சீட்டுக்கு அடியில் இருப்பதும் தெரியும். திரும்பி உள்ளே வந்தேன். சாம்பார், வத்தக்குழம்பு, ரசம் என்று வரிசையாக வந்தது. ரசத்தோடு நான் இலையை மூடிவிட்டேன். "வாலிபப் பிள்ளை, இவ்வளவுதானா?" என்றார் அந்த அம்மா.

அன்று சாயந்திரம்தான் நான் இந்த மலரில் கட்டாயம் எழுதியாக வேண்டிய சம்பவம். மெக்கானிக்கல் நண்பர்கள் மன்னிக்கவும். நந்தனம் சிக்னல் தாண்டியதும் ஆக்சிலரேட்டர் கேபிள் அறுந்துவிட்டது. அப்பா வண்டியை ஓரமாகத் தள்ளினார். டூல்ஸ் பையும் ஸ்பேர் கேபிளும் எப்போதும் வைத்திருப்பார். ஐயா சட்டென்று இறங்கி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். அப்போதுதான் தெரிந்தது, அவர் கிள்ளானில் ஒரு ஃபேக்டரியில் முப்பத்தோரு வருஷம் மெயின்டெனன்ஸ் டெக்னீஷியன். அப்பா எஞ்சின் மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டார். ஐயா செல்போன் டார்ச்சைப் பிடித்தார். இரண்டு பேருக்கும் பேச்சே தேவைப்படவில்லை. ஒருவர் கை எங்கே போகும் என்று மற்றவர் வெளிச்சத்துக்குத் தெரிந்திருந்தது.

நான் டிப்ளமோ. டூல்ஸ் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தம்பி, பத்து பதினொண்ணு ஸ்பானர் எடுங்க."

கொடுத்தேன். "இது பன்னெண்டு பதிமூணு." இன்னொன்று கொடுத்தேன். அது ரிங் ஸ்பானர். ஒரு கையால் கேபிளை இழுத்துப் பிடித்திருந்தவருக்குக் கை வலித்திருக்க வேண்டும். கத்திவிட்டார்:

"டேய்! பத்து பதினொண்ணுடா!"

நந்தனம் சத்தத்தில் அது எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நொடியே அப்பா குரலைத் தணித்து, "தம்பி... அந்த ஓப்பன் ஸ்பானர்" என்றார். ஐயா டார்ச்சை ஆட்டாமல் அப்படியே பிடித்திருந்தார். பத்தே நிமிஷத்தில் வண்டி ஓடியது. நம் வொர்க்‌ஷாப் லேபில் அந்தச் சைஸ் ஸ்பானரை நான் எத்தனை தடவை துடைத்து வைத்திருக்கிறேன்! (இன்ஸ்ட்ரக்டர் அவர்கள் இந்தப் பாராவைத் தாண்டிப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.)

மூன்றாம் நாள் அடையாறு. தியாசாபிகல் சொசைட்டி, 1882-லிருந்து அங்கே இருக்கிறது. அந்தப் பெரிய ஆலமரத்தைப் பார்க்க நேரம் பார்த்துத்தான் விடுவார்கள். 1989-ல் அடித்த காற்றில் நடு மரம் சாய்ந்துவிட்டது. சுற்றி நிற்பதெல்லாம் விழுதுகள். ஐயா ஒரு விழுதுக்குப் பக்கத்தில் போய், தொடாமல், பட்டையை உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருடைய அப்பா பால்மரம் சீவியவர். விடியற்காலை நாலு மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போவாராம். தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர், திரும்பி வரவே இல்லை. "எந்த மரத்தைப் பாத்தாலும் வெட்டு எங்க இருக்குன்னு தேடுது கண்ணு" என்றார். அந்த அம்மா அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றார். அந்த மூன்று நாளில் நான் பார்த்த இடங்களில், கோபுரமும் தேவாலயமும் உட்பட, எனக்கு அதிகம் ஞாபகம் இருப்பது அந்தக் கை.

பெசன்ட் நகர் பீச். 1930-ல் மற்றவர்களைக் காப்பாற்றக் கடலில் இறங்கி உயிரைவிட்ட கார்ல் ஷ்மிட்டின் நினைவு மண்டபத்தைக் காட்டினேன். தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல், மிளகாய் பஜ்ஜி. அந்த அம்மா பஜ்ஜியைக் கடித்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஐயா அவரைப் படம் எடுத்தார். அப்புறம் உடைந்த பாலம். சினிமாவில் நீங்கள் எல்லாரும் பார்த்ததுதான். 1967-ல் அடையாற்று முகத்துவாரத்தின் குறுக்கே கட்டி, 1977-ல் ஆற்று வெள்ளத்தில் இடிந்து, நடுவில் அறுந்து நிற்கும் பாலம். மணலில் நடக்க வேண்டிய இடம். இங்கே வண்டியை நிறுத்த இடம் இருந்ததால் அப்பாவும் கூட நடந்து வந்தார்.

ஐயா அக்கரையைக் கை காட்டினார். "அந்தப் பக்கம் என்ன தம்பி? கட்டடம் தெரியுதே."

அக்கரையில் இருந்தது எங்கள் வீடு. பட்டினப்பாக்கம். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மொட்டை மாடியில் துணி காய்வதுகூடத் தெரியும்.

"அது... பட்டினப்பாக்கம் சார். குப்பம், ஹவுசிங் போர்டு எல்லாம்."

"யாரு இருக்காங்க அங்க?"

"வேலைக்குப் போறவங்க."

எனக்குப் பின்னால் அப்பா நின்றிருந்தார். கொஞ்ச நேரம் அலைச் சத்தம் மட்டும். பிறகு அவர் சொன்னார்: "அங்க நல்லா காத்து வரும் சார்."

அவ்வளவுதான் சொன்னார். 2015 வெள்ளத்தில் அந்த ஆறு எங்கள் தெருவுக்குள் வந்ததும், வண்டி மூழ்கி, அதைச் சரிபண்ண அம்மாவின் தாலிச் சரடு அடகுக்குப் போனதும் அவருக்குச் சொல்லத் தெரியாதா? ஏரியைப் பற்றிச் சொன்னவருக்கு ஆற்றைப் பற்றிச் சொல்லத் தெரியாதா? காற்றைப் பற்றி மட்டும் சொன்னார்.

ராத்திரி ஏர்போர்ட். அப்பா பெட்டிகளை இறக்கி டிராலியில் அடுக்கினார். ஐயா பேசிய ஆறாயிரத்துக்கு மேல் ஆயிரம் வைத்து அப்பா கையில் கொடுத்து, அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். (அந்த ஆயிரத்தில் வாங்கியதுதான் என் மினி டிராஃப்டர். டிபார்ட்மெண்டில் பாதிப் பேர் அதை இரவல் வாங்கியிருக்கிறீர்கள்.) அந்த அம்மா எனக்கு ஒரு பேனா கொடுத்தார். பாஸ்போர்ட்டைத் தேடப் பையை என்னிடம் பிடிக்கச் சொன்னார். அப்போதுதான் அந்தச் சிவப்புப் புத்தகத்தைத் தொட்டேன். எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, சாதாரணமாக, வீட்டு விஷயம் சொல்வது மாதிரி சொன்னார்:

"உங்க அம்மாவுக்குக் கோடாலித் தைலம் ரெண்டு பாட்டில் வச்சிருந்தேன் தம்பி. அப்பாகிட்ட கொடுத்திருக்கேன். மறக்காம வாங்கிக் கொடுங்க."

ஐயா டிராலியைத் தள்ளிக்கொண்டு எங்கோ பார்த்தார். நான் தலையை ஆட்டினேனா, என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஒரே கலர் டீ ஷர்ட் இரண்டும் கூட்டத்தில் மறைகிற வரைக்கும் அங்கேயே நின்றேன்.

"ஏறுடா" என்றார் அப்பா.

மூன்று நாளைக்கு அப்புறம் அந்த 'டா'! பின்சீட்டில் ஏறப் போனவன், முன்னால் வந்து அவர் சீட்டிலேயே பாதியில் ஒண்டிக்கொண்டேன். ரூல்ஸ்படி தப்பு. அவர் ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்சம் நகர்ந்தார். கிண்டி வரை இரண்டு பேரும் பேசவில்லை.

"எப்பப்பா தெரிஞ்சுது அவங்களுக்கு?"

"கேபிள் மாத்தினப்பவே. ராத்திரி லாட்ஜ்ல இறக்கி விடறப்ப அந்தம்மா கேட்டாங்க. ஆமாம்மா, பையனுக்குக் கூச்சம், ஒண்ணும் கேட்டுக்காதீங்கன்னு நான்தான் சொன்னேன்."

மூன்றாம் நாள் முழுக்க, பாலத்தடி வரைக்கும், மூன்று பேரும் எனக்காக நடித்திருக்கிறார்கள். நான் ஒருத்தன்தான் நடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா..." என்று ஆரம்பித்தேன்.

"இந்நேரத்துக்கு சர்தார் படேல் ரோடு நிக்கும்" என்றார். "நந்தனம் வழியா போலாம்."

தைலத்தை அம்மா மூட்டுக்குத் தேய்த்துக்கொண்டாள். வீடே அந்த வாசனை. மலேசியாக்காரர்கள் என்னவெல்லாம் பார்த்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று ஒன்று விடாமல் கேட்டாள். புடவை விலையைச் சொன்னதும், "நல்லா கட்டிக்கட்டும், மகராசி" என்றாள். கீரை வடையைப் பற்றித்தான் இரண்டு தடவை கேட்டாள்.

பொங்கலுக்கு அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களைக் கிளப்பினேன். அது சுலபமாக நடக்கவில்லை. ஞாயிறு சவாரி நன்றாக இருக்கும் என்று அப்பா. வேலை வீட்டில் விருந்தாளி என்று அம்மா. எல்லாம் சமாளித்த பிறகு அப்பா சாவியை எடுத்தார். "வண்டி வேணாம்பா. வண்டி இருந்தா நீ உள்ளயே வரமாட்டே" என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சாவியை ஆணியில் மாட்டினார்.

பஸ்ஸில் போனோம். 2021-லிருந்து சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லையே, "எனக்கு ஃப்ரீ, உங்க ரெண்டு பேருக்குத்தான் தண்டம்" என்று அம்மாவுக்கு ஒரே கொண்டாட்டம். ஜன்னலோர சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்த அப்பா, வழியெல்லாம் டிரைவர் கிளட்ச் மிதிப்பதைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். கோயிலில் அம்மா புன்னை மரத்தைச் சுற்றினாள். குளத்துப் படியில் மூன்று பேரும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். அப்பா அங்கிருந்து ஒவ்வொரு வீதியையும் காட்டி, எங்கே போலீஸ்காரர் நிற்பார், எங்கே நிறுத்தினால் ஃபைன் போடுவார் என்று அம்மாவுக்கு விளக்கினார். அதுவும் ஒரு கைடுதான்.

மெஸ் வாசலில் கூட்டம். "எத்தனை பேர்?" என்றார் பரிமாறுகிறவர்.

"எங்கப்பா, எங்கம்மா, நான்" என்றேன்.

"மூணுன்னு சொல்லுப்பா" என்று அவர் எரிச்சலோடு ஒரு மேசையைக் காட்டினார்.

அம்மா வடையைப் பிட்டு, உள்ளே கீரை எவ்வளவு போட்டிருக்கிறான் என்று பிரித்துப் பார்த்தாள். சாம்பாரை ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள், கொஞ்சம் வருத்தத்தோடு. அப்பா இட்லியை வேகவேகமாகச் சாப்பிட்டார். சுவரைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், பக்கத்து மேசைக்காரர்களைப் பார்த்தார். காபி வந்தது. இரண்டே வாயில் குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்துவிட்டு எழுந்தார்.

"நீங்க மெதுவா வாங்க. நான் போய் வண்டியைப் பார்க்கிறேன்."

வாசல் வரை போய்விட்டார். நாங்கள் பஸ்ஸில் வந்தது அப்புறம்தான் அவருக்கு ஞாபகம் வந்தது.